கால் நொடித் தயக்கம்

என் அண்ணனுக்குப் பேச வராது, பாட வரும். திக்குவாய் என்று நினைத்துவிடாதீர்கள். நாக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மனசிலிருந்து நாக்குக்கு வரும் வழியில்தான் எங்கேயோ பழுது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கத்துவார்கள். "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவான்? சொல்ல மாட்டான். உச்சி மாடியில் மோட்டார் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தபடியே ஏதாவது ஒரு பழைய பாட்டை எடுத்துவிடுவான். லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த நீளமான இருட்டுக் குழிக்குள் குரல் மெல்ல இறங்கி, நாலு சுவரையும் தடவிக்கொண்டு, மாட்டிக்கொண்டவர்கள் காதில் போய் விழும். அவர்களும் கத்துவதை நிறுத்திவிடுவார்கள். ஒரு தடவை வெளியே வந்த பெரியவர் ஒருவர், "பாட்டு முடிஞ்சதும் திறந்திருக்கலாமேப்பா" என்று குறைப்பட்டுக்கொண்டாராம்.

அண்ணி கிடைத்ததும் அப்படி ஒரு குழியில்தான். பிரெட் கம்பெனியில் மாவு மூட்டை ஏற்றும் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. இவன் அடியில் நின்று வேலை செய்துகொண்டே ஒரு டூயட் பாட்டில் ஆண் பாடும் வரியைப் பாடி நிறுத்தியிருக்கிறான். மேல் தளத்திலிருந்து ஒரு பெண் குரல் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டது. இவன் அண்ணாந்து பார்த்தால் முகம் தெரியவில்லை, கொஞ்சம் மாவுதான் பனி மாதிரி உதிர்ந்து வந்ததாம். அந்த வருஷம் பூராவும் அந்த லிஃப்ட் அடிக்கடி பழுதானது. யார் பழுதாக்கினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் கீழ் வீட்டில் இருக்கிறேன். கல்யாணம் செய்து பார்த்து, ஒத்துவராமல், தையல் மெஷினோடு திரும்பி வந்தவள். ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சமெல்லாம் இல்லை, நல்ல நீளம். மாடி வீட்டில் அண்ணனும் அண்ணியும். அண்ணிக்கு இரவு வேலை. ஊர் காலையில் தின்கிற ரொட்டியை முந்தின இரவில்தானே சுட்டாக வேண்டும்? அண்ணனுக்குப் பகல் வேலை. அவன் காலையில் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் அண்ணி வருவார்கள். மாலையில் அண்ணி கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் அவன் வருவான். விடுமுறையும் ஒன்றாக வாய்க்காது. அவனுக்கு விடுமுறை என்றால் எங்காவது ஒரு லிஃப்ட் நிற்கும். அண்ணிக்கு விடுமுறை என்றால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்கள்.

பகலில் அண்ணி தூங்குவதற்கென்று கனமான துணியில் நான்தான் திரை தைத்து மாட்டினேன். அதனால் அந்த வீட்டில் எந்நேரமும் சாயங்காலம். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே காலெடுத்து வைத்தால் குளத்துக்கு அடியில் இறங்கின மாதிரி இருக்கும். ஏதாவது எடுக்க மாடிக்குப் போனால் நானே செருப்பைக் கீழே கழற்றிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பேன். கடிகாரம்கூட அங்கே கொஞ்சம் மெதுவாக ஓடுவதுபோல எனக்குத் தோன்றும்.

அந்தச் சாயங்கால வீட்டிலிருந்து ஒரு நாள் அண்ணி வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்து, என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"எங்கக்கா ஊர்ல ஒரு பேக்கரியில கூப்பிடுறாங்க. பகல் வேலை. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

மெஷினை நிறுத்திவிட்டேன். "அண்ணன் என்ன சொன்னான்?"

"போன்ல சொன்னேன். 'பகல் வேலையா? உனக்கு நல்லதுதானே'ன்னாரு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேசாம நின்னுருப்பேன். நல்லதுதானேங்கிறவர்கிட்ட என்ன பேசச் சொல்ற? ஒரே வீட்ல தனித்தனியா இருக்கிறதுக்கு, நான் அங்க போயே தனியா இருந்துக்கலாம். வெயிலையாவது பாப்பேன்." கண் கலங்கியதை எனக்குக் காட்டாமல் எழுந்து போய்விட்டார்கள்.

அண்ணன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? போகாதேன்னு சொன்னா என்ன?"

"அவளுக்கு ராத்திரி வேலை கஷ்டமா இருக்கு பாப்பா." இந்த வயசிலும் எனக்குப் பெயர் பாப்பாதான். "நான் எப்படிப் போகாதேங்கிறது?"

"உனக்கு அவங்க வேணுமா வேணாமா?"

கிணற்றில் போட்ட கல். கையில் இருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் முகம் கழுவப் போய்விட்டான். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அடப்பாவி, அழத் தெரிகிறது, சொல்லத் தெரியவில்லையா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ரெண்டு மூன்று நாள் கழித்து ஒரு பெட்டியும் மைக்கும் ஹெட்ஃபோனும் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "பாப்பா, உன் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நாளைக்குக் குடேன்."

"எதுக்கு?"

"கரோக்கி."

வீடு பற்றி எரிகிறது, இவனுக்குக் கரோக்கி. திட்ட வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். விஷயம் புரிந்துவிட்டது. பேச வராதவன் வேறு என்னதான் செய்வான்? நானே மானிட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

ஜன்னல் ஓரமாக மேஜை போட்டு எல்லாவற்றையும் பரப்பினோம். அந்தப் பெட்டி உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, சாம்பல் நிறம், முகத்தில் திருகும் குமிழ்கள். "இதுதான் ஆடியோ இன்டர்ஃபேஸ்" என்றான்.

"அது என்ன பண்ணும்?"

"மைக் சொல்றது கம்ப்யூட்டருக்குப் புரியாது. கம்ப்யூட்டர் சொல்றது ஹெட்ஃபோனுக்குப் புரியாது. இது நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் புரிய வைக்கும்."

"அதுக்கு எதுக்குக் காசு கொடுத்து வாங்கினே? அதான் கீழ் வீட்ல நான் ஒருத்தி இருக்கேனே."

சிரித்தான். பல நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தான்.

மைக்கைக் கேபிளில் மாட்டினோம், பெட்டியில் சொருகினோம். சத்தமே வரவில்லை. நான் "ஹலோ ஹலோ" என்று தொண்டை வறளக் கத்தியும் ஒன்றும் அசையவில்லை. பெட்டியின் ஓரத்தில் நாற்பத்தெட்டு வோல்ட் என்று போட்ட ஒரு பொத்தான் இருந்தது. நானாக இருந்தால் எப்போதோ அமுக்கியிருப்பேன். லிஃப்ட்காரனுக்கு வோல்ட் என்று எழுதியிருந்தால் போதும், கை தானாகப் பின்னால் போய்விடும்.

"மைக்கைப் பிடிச்சுப் பாடறப்ப அவளுக்கு ஷாக் அடிச்சிடுச்சுன்னா?" என்றான். கூட வந்த சின்னப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். சில மைக்குகள் தங்களுக்கு வேண்டிய கரண்ட்டைக் கேபிள் வழியாகவே வாங்கிக்கொள்ளும், ஆளை ஒன்றும் செய்யாது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அப்படியும் நம்பிக்கை வராமல், ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டுதான் பொத்தானை அமுக்கினான். அமுக்கிவிட்டு டெஸ்டரை எடுத்து மைக்கைத் தொட்டுப் பார்த்தான். நான் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மைக்கில் போய், பெட்டியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பச்சை எரிஞ்சா சரியான அளவு. சிவப்புன்னா தாங்கலைன்னு அர்த்தம்" என்றான். "உன் குரலுக்கு இந்தப் பெட்டி பத்தாது."

ஸ்பீக்கரைப் போட்டதும் மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு 'கூ' என்று வீடே அலறியது. அதனால் இனிமேல் ஹெட்ஃபோன்தான் என்று முடிவாயிற்று. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கம்பெனியின் டிரைவர் என்ற மென்பொருளை இறக்கிக் கம்ப்யூட்டரில் போடவும் என்று ஒரு வரி இருந்தது. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"அதான் ஓடுதே" என்றான். அவன் தொழிலில் அப்படி ஒரு பழக்கம். ஓடிக்கொண்டிருக்கிற எதிலும் கை வைக்க மாட்டான். நானும் விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டர் திரையில் மூன்று பட்டைகள் வைத்தான். மேலே சாம்பலில் இசை மட்டும். அதற்குக் கீழே நீலத்தில் அவன் குரல். அதற்கும் கீழே ஆரஞ்சில் ஒரு காலிப் பட்டை. அதில் யார் என்று சொல்லவே வேண்டாம். இசையை ஓடவிட்டு ஆண் வரிகளைப் பாடினான். பெண் வரிகள் வரும்போது பாடாமல், வெறும் இசை போய்க்கொண்டிருப்பதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் உதடு மட்டும் அசைந்தது. நான் ஓசைப்படாமல் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணி புருவமெல்லாம் மாவோடு வந்தார்கள். வாசலிலேயே மறித்தேன்.

"மாடியில ஒருத்தரு பாதிப் பாட்டைப் பாடி வச்சுட்டுப் போயிருக்காரு. மீதி உங்க கணக்காம்."

"யாரு? உங்கண்ணனா?" நம்பவில்லை. எப்படித் திறப்பது, எதை அமுக்குவது என்று காட்டிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் மேலேயிருந்து குரல் வந்தது. இசை ஹெட்ஃபோனுக்குள் இருப்பதால் கீழே கேட்பது வெறும் குரல்தான். ஒரு வரி வரும், பிறகு நீண்ட அமைதி, மறுபடி ஒரு வரி. அந்த அமைதியில் அண்ணன் பாடிக்கொண்டிருக்கிறான், அது அண்ணிக்கு மட்டும் கேட்கிறது. அதே பாட்டின் மற்ற பாதி மாலையில் கேட்கும்.

அதற்கப்புறம் வந்த நாட்களை என்னவென்று சொல்வேன்! காலையில் பெண் பாதி, மாலையில் ஆண் பாதி. நான் நடுவில் துணிகளுக்குள் உட்கார்ந்து, காலையில் கேட்டதை மாலை வரை மனசில் வைத்திருந்து ரெண்டையும் சேர்த்துக்கொள்வேன். ஊசியில் நூல் கோப்பது மறந்துபோகும். வாடிக்கையாளர் வந்து நிற்பதுகூடத் தெரியாது. ஒருத்தர் வீட்டு ஜன்னலுக்கு இன்னொருத்தர் வீட்டு அளவில் தைத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். போகட்டும், அதுகள் ரெண்டும் பேசிக்கொள்கின்றன என்று சந்தோஷமாக இருந்தது.

நான் நினைத்ததுதான் தப்பு. ஒரு காலை அண்ணி பாடாமலே கீழே வந்தார்கள்.

"உங்கண்ணனுக்கு இதுல இஷ்டமில்ல. நீதானே பாடச் சொன்னே?"

"நானா? ஐயோ, நான் ஒண்ணுமே சொல்லல அண்ணி!"

"கேட்டா தெரியுதே. ஒவ்வொரு வரியும் கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கிறாரு. கூப்பிட்ட உடனே வராம, வரலாமா வேணாமான்னு பாத்துட்டு வர்ற மாதிரி. முன்னெல்லாம் அப்படியா பாடுவாரு? என் வரி முடியறதுக்குள்ள பாய்ஞ்சு வந்து நிப்பாரு. வெள்ளிக்கிழமை அந்த பேக்கரிக்காரங்களுக்கு வரேன்னு சொல்லிடப் போறேன். எனக்கு இனிமே தெம்பில்ல."

மாலையில் அண்ணனிடம் போனேன். ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, திரையில் ஆரஞ்சுப் பட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவனே பேசினான்.

"அவ போகணும்னு முடிவு பண்ணிட்டா பாப்பா. எனக்காக ஏதோ பாடறா. இசை வந்துடுது, கொஞ்சம் கழிச்சுத்தான் அவ வர்றா. மனசு இங்க இல்ல." பிறகு மெதுவாகச் சொன்னான். "பிடிச்சு வைக்கக் கூடாது. போகட்டும்."

கீழேயிருந்து கேட்டபோது ரெண்டு பேர் குரலிலும் அவ்வளவு ஆசை இருந்ததே! ஆனால் நான் கேட்டது வெறும் குரலை. இசையோடு சேர்த்துக் கேட்டதே இல்லை. எனக்கென்ன தெரியும்?

வியாழக்கிழமை எங்கேயோ லிஃப்ட் நின்று, வர இருட்டிவிடும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அன்று மாலை, அண்ணி போய் அவன் வராத அந்த இடைவெளியில் மாடிக்குப் போனேன். திரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்து கடைசி வெயில் ஒரு நூல் மாதிரி மேஜைமேல் விழுந்திருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டைப் போட்டேன். ஐயோ, உண்மைதான். அண்ணன் வரியும் தயங்கியது, அண்ணி வரியும் தயங்கியது. ரெண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா என்று யோசிப்பது போலிருந்தது. அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

"இது ஒரு பாட்டா? பாடறதுன்னா எப்படின்னு நான் காட்டறேன்" என்று காலி அறையில் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, நாலாவதாக ஒரு பட்டை வைத்தேன். இசையை ஓடவிட்டேன். பெண் வரி வந்ததும் பாய்ந்து பாடினேன். எனக்குப் பாட்டு சுட்டுப் போட்டாலும் வராது. ஆனால் தாளம் தப்ப மாட்டேன். வருஷக்கணக்காகக் கால் தையல் மெஷினை மிதித்தவள். சிவப்பு விளக்கு எரிந்தது, எரிந்தால் எரியட்டும்.

பாடி முடித்ததும் அதைப் போட்டுக் கேட்டேன். எனக்கு என் குரல் ரொம்பப் பிடிக்கும். மாடி வீட்டு ரெண்டு பேரும் அப்படியில்லை. தன் குரலைக் கேட்டாலே கூச்சம். அண்ணன் கேட்கும்போது நீலப் பட்டையின் சத்தத்தை அடைத்துவிடுவான், அண்ணி ஆரஞ்சை அடைத்துவிடுவார்கள். அடுத்தவர் குரலை மட்டும்தான் கேட்பார்கள். நான் அப்படியெல்லாம் அடைக்கிற ரகம் இல்லை.

கேட்டேன். தூக்கிவாரிப் போட்டது. நான் தயங்கினேன்.

நானா? தயங்கினேனா? பிறந்ததிலிருந்து எந்த வார்த்தையையாவது யோசித்துப் பேசியிருக்கிறேனா? கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்தபோதுகூட ஒரு நிமிஷம் தயங்கியவள் இல்லையே நான். மறுபடி கேட்டேன். இசை வந்தது, கொஞ்சம் கழித்து நான் வந்தேன், ரொம்பப் பணிவாக, யாரோ ஒரு நல்ல பெண் மாதிரி. அது நான் இல்லவே இல்லை. மத்தள அடியோடு சேர்த்துக் கைதட்டிப் பதிந்தேன். கைதட்டலும் தாமதமாகத்தான் விழுந்தது.

பொய் சொல்வது மனுஷங்க இல்லை, இந்தப் பெட்டி!

விற்ற கடைக்குப் போன் போட்டேன். நான் கத்தின கத்தில் கடைக்காரர் போனைக் காதிலிருந்து தள்ளி வைத்திருப்பார்.

"கம்பெனி டிரைவர் போட்டீங்களா மேடம்?" என்றார்.

"அதான் ஓடுதேன்னு விட்டுட்டான்."

"ஓடும் மேடம். ஆனா மைக்குல பாடினது கம்ப்யூட்டருக்குப் போய்ப் பதியறதுக்குள்ள கால் நொடி பிந்திடும். அதைப் போட்டீங்கன்னா சரியாயிடும்."

"பாடறப்ப சரியாத்தானே கேக்குது?"

"பாடறப்ப உங்க குரல் பெட்டியிலேர்ந்து நேரா ஹெட்ஃபோனுக்கு வந்துடும். கம்ப்யூட்டருக்கே போகாது. அதனால தெரியாது. ஏற்கெனவே பாடினதை அழிச்சிடாதீங்க. அந்தப் பட்டையைப் பிடிச்சு லேசா முன்னாடி இழுத்துவிட்டாப் போதும்."

கால் நொடி! அந்தக் கால் நொடியை வைத்துக்கொண்டுதான் இந்த ரெண்டு பைத்தியங்களும் குடும்பத்தையே கலைக்கப் பார்த்தன. டிரைவரை இறக்கிப் போட்டேன். பிறகு ஒவ்வொரு பாட்டாகத் திறந்து, நீலத்தையும் ஆரஞ்சையும் மெல்ல இழுத்தேன். திரைத்துணியில் ரெண்டு பாதியைச் சேர்த்துத் தைக்கும்போது பூவோடு பூ பொருந்துகிறதா என்று பார்ப்போமே, அதே வேலைதான். பொருந்தின இடத்தில் அண்ணன் வரி முடியும்போதே அண்ணி வந்தார்கள். அண்ணி மூச்சு வாங்கும்போதே அவன் வந்துவிட்டான். அறை பூராவும் யாரோ நடமாடுகிற மாதிரி இருந்தது. இருட்டிவிட்டது, நான் விளக்கைக்கூடப் போடவில்லை.

அண்ணன் வந்ததும் ஒன்றும் பேசாமல் ஹெட்ஃபோனை அவன் தலையில் மாட்டினேன். கேட்டுக்கொண்டே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

"சரியா வர்றா" என்றான். "பாப்பா, சரியா வர்றா."

"போன் பண்ணிச் சொல்லு. இப்பவே சொல்லு."

போனைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேஜைமேல் வைத்துவிட்டான். இந்த ஜென்மத்தை நான் என்ன செய்வது சொல்லுங்கள்!

வெள்ளிக்கிழமை காலை அண்ணியை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன். விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். மாவு ஒட்டின கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. கடைசிப் பாட்டு வந்தபோது அண்ணி கையைத் தூக்கினார்கள்.

"இந்த ஒரு வரி மட்டும் சரியாகலையே."

வாங்கிக் கேட்டேன். ஊரை விட்டுப் போகிறவளை நிற்கச் சொல்லி ஆண் பாடுகிற வரி அது. மற்ற வரியெல்லாம் கச்சிதமாக வந்தவன் அந்த இடத்தில் மட்டும் பிந்தினான். "இருங்க, இழுத்துடறேன்" என்று நகர்த்தினேன். அது சரியானால் மற்ற எல்லா வரியும் முந்திக்கொண்டன. பழையபடி வைத்தேன். சத்தத்தைக் கூட்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது. இசை வந்ததும் அவன் மூச்சை இழுக்கிறான். எச்சில் விழுங்குகிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் குரல் எழும்புகிறது, அதுவும் லேசாக உடைந்து.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "விட்டுடு. இது பெட்டி பண்ணினதில்ல."

அன்று அண்ணி தூங்கவில்லை. பேக்கரிக்குப் போன் செய்யவும் இல்லை, வேலைக்குப் போகவும் இல்லை. நான் மாட்டின கனத்த திரையை ஒதுக்கிவிட்டார்கள். அந்த வீட்டுக்குள் இவ்வளவு வெயில் வந்து நான் பார்த்ததே இல்லை. தூசியும் மாவும் வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தன. அதன் நடுவில் அண்ணி கன்னத்தில் கை வைத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் மாலையில் வந்தான். படியேறிப் போனவன் கதவருகே அப்படியே நின்றுவிட்டான். நான் பாதிப் படியில் நின்றுகொண்டேன். ஒட்டுக்கேட்டாயா என்று கேட்காதீர்கள், ஆமாம் ஒட்டுக்கேட்டேன்.

"அந்த வரியில என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று அண்ணி கேட்டார்கள்.

அண்ணன் பேசவில்லை. எவ்வளவு நேரம்! அவன் சார்பில் நானே கத்திச் சொல்லியிருப்பேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். அண்ணி பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"போகாதே" என்றான்.

"ஏன்?"

"நான் வரப்ப உன் தலையணை சூடா இருக்கும். அது போதும்னு நினைச்சுட்டேன். போதல."

அண்ணி அழுதார்கள். அழுதுகொண்டே, "சரி. போகல" என்றார்கள்.

அப்பாடா! எனக்கு அந்தப் படியிலேயே குதிக்கலாம்போல இருந்தது. என்னால்தான், என் வாயால்தான், என் கால் மிதித்த தாளத்தால்தான் இந்த வீடு நின்றது. எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

அப்போது அண்ணன் கேட்டான், இந்தத் தடவை கொஞ்சமும் தயங்காமல்.

"அந்த ஊர்ல லிஃப்ட் இருக்கா?"

அண்ணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"எங்கக்கா இருக்கிறதே எட்டாவது மாடி" என்று அண்ணி அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்கள். "பாதி நாள் லிஃப்ட் ஓடாதாம்."

மாசக் கடைசியில் போய்விட்டார்கள். பெட்டியையும் மைக்கையும் நான்தான் துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரையும் எடுத்துட்டுப் போங்க, பாட்டெல்லாம் அதுலதானே இருக்கு என்றேன். இப்போது ரெண்டு பேரும் பகலில் வேலைக்குப் போய் மாலையில் ஒன்றாக வீட்டுக்கு வருகிறார்களாம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார்களாம். கேட்கக் கேட்க மனசு நிறைகிறது. மேலே காலி வீடு. என் தலைக்கு மேலே நடக்கிற சத்தம் கிடையாது, காலையில் ஒரு பாதி, மாலையில் ஒரு பாதி எதுவும் கிடையாது. அன்றைக்கு அந்தப் படியில் நான் நிற்பது ரெண்டு பேருக்கும் தெரியும். போகட்டுமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போய்த் தொலையுங்கள், நன்றாக இருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன், அதுவும் உடனே சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.